ஆரணியில் வெறும் வயிறு

மலேசியாவில் என் ஊரான ஈப்போவின் மழை இன்னும் செருப்பில் ஒட்டியிருந்தது. அப்படியே வந்து ஆரணி பேருந்து நிலையத்தில் இறங்கினேன். வெயில் இரண்டு தோளையும் பிடித்து நிறுத்திவிட்டது. ஊர் முதலில் கண்ணில் படவில்லை, காதில்தான் பட்டது. ஒரு சந்தில் விசைத்தறிகளின் சடசடப்பு, அடுத்த சந்தில் கைத்தறியின் நிதானமான டொக் டொக். நடுவில் ஒரு சேவல், நாலைந்து ஹாரன், யாரோ யாரையோ “இன்னாடா” என்று இழுத்துக் கூப்பிடும் குரல். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், இதில் பாதிச் சத்தம் எழுந்தாலும் பக்கத்து வீட்டுச் சீனர் கைலியோடு வெளியே வந்து நின்றுவிடுவார். இங்கே ஒருவர் இந்த இரைச்சலுக்கு நடுவே நாற்காலியில் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

என்னை வரவழைத்தவள் யாழினி, என் அண்ணன் மகள். வேலூர்ப் பக்கம் மேற்படிப்பு படிக்கும் மருத்துவர். ஹெபடைடிஸ் சி என்கிற கிருமி கல்லீரலில் நெடுநாளாகக் குடியிருப்பவர்களுக்கு, உடம்பில் சுரக்கும் இன்சுலின் எந்த அளவுக்குப் பலிக்கிறது, எந்த அளவுக்கு வீணாகிறது என்று அளப்பது அவளுடைய ஆய்வு.

“எனக்கு டாக்டர் தமிழ்தான் வருது அத்தை. ஜனங்களுக்குப் புரியற மாதிரி நாலு வரி எழுதிக் கொடுங்க. ஒரு வாரம் வந்து இருங்க லா” என்றாள், எங்கள் ஈப்போவின் ‘லா’ மாறாமல்.

நான் உரைநடையில் கவிதை எழுதுகிறவள். ஒரே ஊரில் ஒரு மாதம் இருந்தால் கால் அரிக்கும். நாலு வரிக்காகக் கடல் தாண்டுவது எனக்குப் புதிதல்ல.

மதியம் பிரியாணி. சீரக சம்பா, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய். வியர்வையும் காரமும் கலந்து கண்ணில் வழிய, யாழினி பாடம் நடத்தினாள்.

“இன்சுலின்தான் கதவைத் தட்டுற ஆள். சர்க்கரையைக் கையில வச்சிக்கிட்டு ஒவ்வொரு செல்லோட கதவையும் தட்டும். இந்தக் கிருமி இருக்கிறவங்களுக்கு வீட்டுக்குள்ள காது மந்தமாயிடும். திறக்க மாட்டாங்க. உடம்பு என்ன பண்ணும்? இன்னும் நாலு பேரை அனுப்பித் தட்டச் சொல்லும். அப்புறம் இன்னும் நாலு பேர்.”

“நீ அந்த ஆட்களை எண்ணப் போறியா?”

“ஆமா. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் ஒண்ணுமே உள்ள போகாம, தெரு அமைதியா இருக்கிற நேரத்துல எண்ணணும். ரத்தத்துல சர்க்கரை எவ்வளவு, அதுக்கு இன்சுலின் எவ்வளவு. ரெண்டையும் பெருக்கி வகுத்தா ஓர் எண் வரும்.”

“உடம்பு பருத்தவங்களுக்குத்தானே இதெல்லாம்?”

“இந்த நோயில ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் உண்டு அத்தை.”

கை இலையிலேயே நின்றுவிட்டது. ஒல்லியாக இருப்பதே ஒரு மருத்துவச் சான்றிதழ் என்று நம்பி ஐம்பது வயதைத் தாண்டியவள் நான்.

ரத்தம் எடுக்க அவளுக்குக் கிடைத்த இடம் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக்கூடம். வாசலில் ஒட்டுவதற்கு, ‘பசியாறாமல் வாருங்கள்’ என்று எழுதினேன். எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பெயரே பசியாறுவதுதான். மண்டபத்துக் காவலாளி அதை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“இன்னாம்மா இது? பசி ஆறாம வரணுமா? வந்தப்புறம் நீங்க ஆத்துவீங்களா?”

“காலைல சாப்பிடறது, ஐயா.”

“நாஷ்டாவா? அத்த ஏன் இம்மா சுத்தி வளைக்கிறீங்க?”

யாழினி குறுக்கே வந்து, ‘வெறும் வயிற்றில் வாருங்கள்’ என்று மாற்றினாள். காவலாளி தலையாட்டினார். “இது கரெக்டு. வெறும் வயிறுன்னா ஆரணில பொறந்த கொயந்தைக்கும் தெரியும்.”

தெரியும்தான். அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை.

மறுநாள் காலை அவர்கள் வந்தார்கள். நோய் உறுதியாகி, பெயர் பதிவானவர்கள். வாழையிலை வாசம் இன்னும் போகாத மேசைகளில், சாம்பார் ஓடிய இடத்தில் கையை நீட்டி உட்கார்ந்தார்கள். பக்கத்து அடுப்படியில் அடுத்த கல்யாணத்துக்கு நெய்யில் முந்திரி வறுத்துக்கொண்டிருந்தார்கள். பட்டினியாக வரச் சொன்ன இடத்தில் அந்த வாசம் ஒரு கொடுமை.

முதல் ஆள் ஏகாம்பரம். சேவூர்ப் பக்கம் வீடு. தறியில் தீர்ந்துபோகும் பாவின், அதாவது நீளவாட்டு நூல்களின், நுனியோடு புதுப் பாவின் நுனியை இழை இழையாகப் பிணைத்துக் கொடுக்கிறவர். சட்டைக்குள் காற்றுதான் இருந்தது, அவ்வளவு ஒல்லி. எப்போதோ ஒரு விபத்தில் ஏற்றிய ரத்தத்தோடு கிருமியும் ஏறியிருக்கலாம் என்கிறார்கள். கூடவே மனைவி சரசா, ஒயர் கூடையைக் குழந்தையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு.

“பசியாறலையே?” என்றாள் யாழினி. அவர் விழித்தார். நான் “நாஷ்டா” என்றேன்.

“ஐய, வெறும் வயிறுதாங்க” என்றார் அவர்.

“ஒரு பருக்கை உள்ள போவலம்மா. நான்தான் பக்கத்துலயே நின்னு பாத்துகினு இருந்தேனே” என்றாள் சரசா.

விரல் நுனியில் குத்தி, ஒரு சொட்டைச் சின்னக் கருவியில் வைத்தாள் யாழினி. எண் வந்தது. முகம் மாறியது. துடைத்துவிட்டு அடுத்த விரலில் குத்தினாள். அதே எண். பிறகு கையிலிருந்து ரத்தத்தைக் குழாய்களில் இழுத்துக்கொண்டாள்.

அன்று பார்த்து எங்கள் வாடகைக் கார் படுத்துவிட்டது. ரத்தத்தைக் குளிர் போகாமல் வேலூர் ஆய்வுக்கூடத்தில் சேர்க்க வேண்டும். மீன் கடையில் ஐஸ் வாங்கி நிரப்பி, பெட்டியோடு பேருந்தில் ஏறினோம். ஈப்போவில் பேருந்துக்குள் யாரும் யாரையும் பார்ப்பதில்லை, கைப்பேசியைத்தான் பார்ப்பார்கள். இங்கே ஏறின நிமிஷமே விசாரணை.

“இன்னாக்கா பொட்டில? மீனா?” என்றார் நடத்துனர். 

“இல்லப்பா, ரத்தம்.”

உள்ளதைத்தான் சொன்னேன். பக்கத்தில் இருந்த அம்மாள் மெதுவாக எழுந்து முன்னால் போனார். பின்னால் ஒருவர், “ரத்தம்னா சொல்றாங்க, மீன் வாசம் வருதே” என்று முணுமுணுத்தார். இன்னொருவர், “மீனோட ரத்தமா இருக்கும்” என்றார். வேலூர் வரை எங்களுக்கு மூன்று இருக்கைகள் தாராளமாகக் கிடைத்தன.

அடுத்த நாள் மதியம் முடிவு வந்தது. யாழினி கணினித் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நான் அந்த எண்களைப் படிக்கத் தெரியாதவள், அவள் கழுத்து நரம்பைத்தான் படித்தேன்.

“எல்லாருக்கும் எக்கச்சக்கமா இருக்கு அத்தை. ஏகாம்பரத்துக்கு நான் எந்தப் புத்தகத்திலயும் பார்க்காத அளவு. தட்டுற ஆட்கள் இல்ல இது, கதவை உடைக்கிற கூட்டம்.”

“அப்படின்னா?”

“ஒண்ணு, கிருமி இவரை இந்த அளவுக்குக் கெடுத்து வச்சிருக்கணும். இல்ல, எங்கேயோ நான் தப்புப் பண்ணியிருக்கணும்.”

மாலையில் ஏகாம்பரத்தையும் சரசாவையும் மண்டபத்துக்கு வரச் சொன்னாள். சர்க்கரை நோயே வந்திருக்கலாம், உறுதி செய்ய இன்னொரு முறை பார்க்க வேண்டும் என்றாள். ஏகாம்பரம் தன் விரல்களைப் பார்த்தார்.

“விரலு மரத்துப் போவுமாங்க?”

“நாள்பட்டா சிலருக்குப் போகலாம். ஏன் கேக்குறீங்க?”

“எங்க மாமாவுக்குப் போச்சிங்க. கொதிக்கிற டம்ளர புடிச்சிகினு நிப்பாரு, கை வெந்தது தெரியாது. எனக்கு எல்லாமே இந்த நுனிதாங்க. இழை ரெண்டும் சேந்துச்சா இல்லியானு கண்ணு சொல்லாது. இதுதான் சொல்லும்.”

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் காற்றில் ஒருமுறை உருட்டிக் காட்டினார். அங்கே இல்லாத ஒரு பட்டிழையை நான் பார்த்தேன்.

சரசா அழவில்லை. கூடையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “நான் பாத்துக்கிறேன்மா. இன்னும் நல்லா கவனிக்கிறேன்” என்று மட்டும் சொன்னாள். அந்தச் சொல் எனக்கு ஆறுதலாக இருந்தது. மறுநாள் விடியும்வரைதான்.

விடியற்காலையில் நாங்களே அவர்கள் வீட்டுக்குப் போனோம். நடந்து வந்த களைப்புகூட எண்ணில் சேரக்கூடாது என்பது யாழினியின் கணக்கு. தெருவின் நீளத்துக்குப் பாவு விரித்திருந்தார்கள், மாந்தளிர் நிறத்தில். அதற்கு அந்தப் பக்கம் நெல்வயல். பாவுக்கு இடம் விட்டு ஒரு பைக் ஓரமாக வளைந்து போனது. இந்த வெளிச்சத்தை எப்படி எழுதுவது என்று நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வாசலில் தடதடவென்று ஒரு மோட்டார் எழுந்தது. கரும்பு பிழியும் வண்டி. பகலில் பேருந்து நிலையத்தில் நிற்கும் வண்டி, இரவில் இங்கே உறங்குமாம்.

“சரசாக்கா, டம்ளர்!” என்று குரல் வந்தது.

அவள் ஓடினாள். நுரை ததும்பும் பெரிய எவர்சில்வர் டம்ளரோடு திரும்பினாள். அலமாரியிலிருந்து குளுக்கோஸ் பொட்டலத்தை எடுத்து இரண்டு கரண்டி போட்டுக் கலக்கினாள். ஏகாம்பரம் வாங்கி ஒரே மூச்சில் குடித்துவிட்டு, டம்ளரைக் கீழே வைத்து, சட்டைக் கையை மடக்கி யாழினியிடம் நீட்டினார்.

“எடுத்துக்கோங்கம்மா. வெறும் வயிறுதான்.”

யாழினி ஊசியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தெருவின் தறிச் சத்தமெல்லாம் என் காதிலிருந்து கழன்று எங்கோ போய்விட்டது.

“இது… என்னது?” என்றாள்.

“கரும்பு ஜூஸும்மா” என்றாள் சரசா, பெருமையாக. “காமாலைக் கிருமின்னா ஈரலுக்கு இதான் மருந்து. எண்ணெய், கறி, மீனு ஒண்ணும் தரதில்ல. இத்த வெறும் வயித்துல குடிச்சாத்தான் நேரா ஈரலுக்குப் போவும். ஒரு பருக்கை உள்ள போயிட்டா பலிக்காது.”

“அன்னைக்கு மண்டபத்துக்கு வரும்போதும் குடிச்சாரா?”

“குடிக்காமலா? நீங்களே வெறும் வயித்துலனு எழுதிப் போட்டு இருந்தீங்க. பெரிய டாக்டரே சொல்றாங்கன்னு இன்னும் அரை டம்ளர் சேத்துக் குடுத்து இட்டாந்தேன்.”

எனக்கு மெல்லப் புரிந்தது. எங்களுக்கு வெறும் வயிறு என்றால் ஒன்றுமில்லாமை. அவளுக்கு அது மருந்து கொடுக்கிற வேளை. நாங்கள் காலி வீட்டைக் கேட்டோம். அவள் பூசைக்குக் கூட்டிப் பெருக்கிய வீட்டைத் தந்திருக்கிறாள், படையலோடு.

“எத்தனை நாளா?”

“நோவு தெரிஞ்சதுலருந்து. ரெண்டு வருஷம் இருக்கும். ஒரு நாள் வுட்டதில்ல.”

“ரெண்டு வருஷமா? அரசு ஆஸ்பத்திரில கிருமிக்கு மாத்திரை கொடுத்திருப்பாங்களே?”

“போயி வாங்கிக்கச் சொன்னாங்க. அது சூடும்மா. ஈரல் இருக்கிற நெலமைல தாங்குமா? மொதல்ல ஒடம்ப நல்லா குளுமை பண்ணிட்டு, அப்பாலிக்கா ஆரம்பிக்கலாம்னு நான்தான் நிறுத்தி வெச்சிருக்கேன்.”

யாழினி சின்னப் பெண். அதிர்ச்சியில் வாய் முந்திக்கொண்டது. “ஐயோ, இது அவருக்கு விஷம்ங்க!”

சரசாவின் கை டம்ளரைத் தொட்ட இடத்திலேயே நின்றது. ஏகாம்பரம் மடக்கிய சட்டைக் கையைப் பொத்தானைத் தேடி இறக்கிவிட்டார்.

“டாக்டரம்மா. நீங்க படிச்சவங்க. அந்த வார்த்தைய மட்டும் என் ஊட்ல சொல்லாதீங்க.”

குரல் உயரவே இல்லை. நான் யாழினியின் தோளைத் தொட்டேன். அவள் ஊசியை மூடி வைத்துவிட்டு சரசாவின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். “தப்பா சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க” என்றாள். பிறகு அந்தக் கதவுக் கதையைச் சொன்னாள். தட்டுகிறவன், காது மந்தமான வீடு. சர்க்கரையைக் கொட்டக் கொட்ட இன்னும் இன்னும் ஆள் அனுப்பும் உடம்பு. மாத்திரை ஈரலைச் சுடாது, கிருமியைத்தான் துரத்தும். மூன்று மாதத்துக்குள் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அடியோடு போய்விடும். தள்ளிப் போடுகிற ஒவ்வொரு நாளும்தான் ஈரலுக்குப் பேஜார். சரசா டம்ளரின் அடியில் கரையாமல் கிடந்த வெள்ளைத் தூளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மண்டபத்துக்குத் திரும்பி ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்டோம். ஒருவருக்குக் கீழாநெல்லி அரைத்த பால், சர்க்கரை போட்டு. ஒருவருக்கு இளநீரில் குளுக்கோஸ். “டீ மட்டும்தாங்க, அதுல இன்னா இருக்குது” என்றார் இன்னொருவர். எல்லோருமே வெறும் வயிறு. வேலூருக்குச் சுமந்துபோன ரத்தமெல்லாம் கணக்கில் சேராமல் போனது. அவ்வளவு ரத்தம் இப்படி வீணானதில் எனக்கு இரவு இட்லியும் வடகறியும் இறங்கவில்லை. வடகறி பிரமாதமாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஐந்தாம் நாள் விடியலில் அந்தக் கரும்பு வண்டியின் மோட்டார் எழுந்தது, டம்ளர் போகவில்லை. அன்று எடுத்த ரத்தம்தான் உண்மையான ரத்தம். சரசாவும் அன்று டீகூடக் குடிக்கவில்லையாம். அவளுக்குப் பரிசோதனையே இல்லை, ஆனாலும் குடிக்கவில்லை.

நான் கிளம்பும் நாள் காலை மண்டபத்தில் முடிவைச் சொன்னாள் யாழினி. ஏகாம்பரத்துக்குச் சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை, வாசல்வரை வந்து நிற்கிறது. எண் முன்னைப்போல் இல்லை. ஆனாலும் அதிகம்தான். இன்சுலின் தோற்றுக்கொண்டிருப்பது நிஜம். அவர் விரல்களில் பஞ்சால் வருடிப் பார்த்தாள், உணர்ச்சி சரியாக இருந்தது. கிருமி போனால் நிறையப் பேருக்கு இது இறங்குகிறது என்றாள்.

“இப்ப இருக்கிறது கிருமியாலயா, என்னாலயா?” என்றாள் சரசா.

“முக்கியமா கிருமிதான்க்கா.”

“முக்கியமான்னா? மிச்சம் எவ்ளோ என்னுது?”

யாழினி என்னைப் பார்த்தாள். “அதைப் பிரிச்சு அளக்க எங்ககிட்ட வழி இல்லக்கா” என்றாள்.

பொய் சொல்லியிருக்கலாமே என்று ஒரு கணம் தோன்றியது. சரசா அந்தப் பதிலை எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கூடையை இடுப்பில் ஏற்றினாள்.

“மாத்திரை எங்க தராங்க?”

“வேலூர்ல.”

“இன்னைக்கே போவலாமா?”

ஆக, என் கடைசிப் பேருந்தில் அவர்களும் ஏறினார்கள். நான் சன்னல், நடுவில் சரசா, ஓரத்தில் ஏகாம்பரம். ஊர் எல்லையில் அரிசி ஆலைகளின் உமி வாசம் வந்து போயிற்று. அவர் தலையைப் பின்னால் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பேருந்து கண்ணமங்கலம் தாண்டியது. சரசா என் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள்.

“நீங்க எழுதறவங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. அன்னைக்கு அவங்க ஒரு வார்த்த சொன்னாங்களே. அது நெஜமா?”

வார்த்தையை வைத்துப் பிழைக்கிறவள் நான். மறுத்தால் நம்ப மாட்டாள். ஆமாம் என்றால் அந்தப் பேருந்திலேயே உடைந்துவிடுவாள். அந்தப் பக்கத்திலிருந்து, கண்ணைத் திறக்காமலே ஏகாம்பரம் பேசினார்.

“சரசா. எனக்குக் கரும்பு ஜூஸே புடிக்காது.”

அவள் திரும்பினாள். “இன்னாது?”

“சின்ன வயசுலருந்தே. அந்தத் தித்திப்பு கொமட்டும்.”

“ரெண்டு வருஷமா குடிச்சீங்களே?”

“குடிச்சேன்.”

“நாளு தவறாம?”

“நாளு தவறாம.”

அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்றும் சொல்ல முடியாது, அழுகை என்றும் சொல்ல முடியாது. கூடையாலேயே அவர் முழங்காலில் ஒன்று போட்டாள். முன் இருக்கைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

“புடிக்கலன்னு ஒரு வார்த்த சொல்றதுக்கு வாய் இல்லியா உங்களுக்கு?”

“வாயிலதான் டம்ளர வெச்சிட்டியே” என்றார் ஏகாம்பரம்.